லியூவுக்கு வந்த வயிற்று வலி

ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை, கம்பெனியிலிருந்து போன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் வந்து ஒரு வகுப்பு எடுக்க வேண்டுமாம். சீனக் கம்பெனிகளோடு தொழில் செய்யும்போது எப்படி நடந்துகொள்வது என்பது தலைப்பு. யாரோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பன்னிரண்டு விதிகள் தயார் செய்து எனக்கு அனுப்பியிருந்தார்கள். விசிட்டிங் கார்டை இரண்டு கையாலும் கொடு, சாப்பாட்டுக் குச்சியைச் சோற்றில் குத்தி நிறுத்தாதே, இப்படியே போய், பன்னிரண்டாவதாக: யாரையும் நாலு பேர் முன்னால் குறை சொல்லாதே. அதைப் படித்ததும் வெடித்துச் சிரித்துவிட்டேன். "இன்னாடி ஆச்சு" என்று என் வீட்டுக்காரர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன ஆச்சா? அந்தப் பன்னிரண்டாவது விதியை எங்கள் கம்பெனியில் கண்டுபிடித்ததே நான்தான். மீறித்தான் கண்டுபிடித்தேன்.

வகுப்புக்கு அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். அதில் பாதி, மைக் வேலை செய்யாமல் போயிற்று. அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் முத்தியால்பேட்டைக்காரி. பெயர் கலா. டைப்ரைட்டிங் இரண்டு பாஷையிலும் ஹையர் முடித்து, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் படித்த ஓட்டைப் பிரெஞ்சையும் வைத்துக்கொண்டு, பாட்டில் மூடி செய்யும் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்தது, நானும் ஒவ்வொரு மேஜையாக நகர்ந்து நகர்ந்து கொள்முதல் மேனேஜர் ஆனேன். முப்பத்தோரு வருடம் இந்த ஒரே வரியில் அடங்கிவிட்டது, பாருங்கள்.

எங்கள் முதலாளி பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த தமிழர். அவரை எல்லோரும் முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றே கூப்பிடுவோம். நல்ல உயரம், இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் நீல மசிப் பேனா. மனிதருக்கு மனதில் ஒன்று உதட்டில் ஒன்று என்பதே கிடையாது. சாம்பார் நன்றாக இல்லையென்றால் சமைத்தவளின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு இரண்டாவது கரண்டி வாங்கிச் சாப்பிடுவார். "ஒண்ணு உய், இல்லன்னா நோன். நடுவுல இன்னா இருக்குது மதாம் கலா?" என்பார். உய் என்றால் ஆமாம், நோன் என்றால் இல்லை. நடுவில்தானே ஐயா இந்த உலகமே இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டுதான் நான் சீனாவுக்குப் போனேன், மூடி வார்க்கும் மெஷின் பார்க்க. முதல் நாள் இரவு விருந்து. சுழலுகிற வட்ட மேஜை, நடுவில் முழுசாக வேகவைத்த மீன் ஒன்று. அந்த ஊர் வழக்கப்படி மீன் தலை யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் முக்கிய விருந்தாளி, அவர் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். இது எங்களுக்கு யார் சொன்னார்கள்? தலையை முசியே பக்கம் நிறுத்தினார்கள். முசியேவோ, பெரியவர்கள் முதலில் சாப்பிடட்டும் என்று மேஜையை மரியாதையாகச் சுழற்றி, தலையை அவர்களுடைய முதலாளி பக்கம் திருப்பினார். அவர் பதறிப்போய்த் திருப்பி அனுப்பினார். இவர் மறுபடி சுற்றிவிட்டார். அந்த மீன் மூன்று முறை மேஜையை வலம் வந்தது. சோறு ஆறுகிறது, பத்து பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எனக்கோ காலையிலிருந்து கொலைப்பசி. நாலாவது சுற்றில் மீன் என் முன்னால் வந்தபோது நான் பிடித்து நிறுத்தி, கன்னத்துச் சதையை நோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நான் குருசுக்குப்பத்து மீன் தின்று வளர்ந்தவள், தலையைப் பார்த்துவிட்டு எத்தனை நேரம் சும்மா இருப்பது. பிறகு அவர்களுடைய முதலாளி மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பயணம் முடிகிற வரைக்கும் எனக்குத்தான் முதல் மரியாதை, முசியேவுக்கு இரண்டாவது.

மறுநாள் பேச்சுவார்த்தை. நாங்கள் கேட்ட ஒரு மாற்றத்துக்கு அவர்கள், "ஆராய்ந்து பார்க்கிறோம்" என்று சிரித்த முகமாகச் சொன்னார்கள். முசியே குறிப்புப் புத்தகத்தில் 'உய்' என்று எழுதிக்கொண்டார். "சார், அது நம்மூரு 'பாக்கலாம்' சார்" என்றேன். "பாக்கலாம்னா பாப்பாங்கதானே?" என்றார். சொந்தக்காரரிடம் கல்யாண மண்டபத்தைப் பாதி வாடகைக்குக் கேட்டால் அவர் சொல்லும் பாக்கலாம் என்று விளக்கிய பிறகுதான், 'உய்' என்பதை அடித்தார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. சீனாவையே கரைத்துக் குடித்துவிட்டேன் என்று ஊருக்குத் திரும்பினேன்.

முசியேவுக்கு அந்த மெஷினில் அரை மனசுதான். பழைய பம்பாய்க் கம்பெனியே போதும் என்றார். நான் விடவில்லை. அதே சூட்டில் ஒரு கடிதம் டைப் அடித்துக் கொடுத்தேன்: இந்த மெஷின் ஓடாவிட்டால் நான் வேலையை விட்டுப் போய்விடுகிறேன், இப்படிக்கு, கலா. அப்போது என் மூத்த பெண் காலேஜ் முதல் வருடம். வீட்டுக்காரர் காதில் விழுந்திருந்தால் என்னைத் தொலைத்திருப்பார். முசியே அதைப் படித்து, தேதி போட்டு, ஃபைலில் கோத்து வைத்துக்கொண்டார். அவர் எதையும் கிழித்துப் போடுகிற ஆள் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் கம்பெனியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். முசியேவின் தகப்பனார் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கோர்ட்டுக் கச்சேரியில் குமாஸ்தா. எது நடந்தாலும் தாளில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குவது அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்திலேயே ஊறியது. அந்தத் தாளுக்கு புரோசே வெர்பால் என்று பெயர், நாங்கள் சுருக்கமாக பேவே என்போம். ஒரு தவறு நடந்தால் அன்று மாலையே பேவே. மெஷின் ஹாலில் எல்லோரும் கூடுவோம். முசியே ஒரு மரப்பெட்டிமேல் ஏறி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, நாலு பத்தியையும் நிறுத்தி நிதானமாக வாசிப்பார். நடந்தது என்ன, காரணம் என்ன, தவறு செய்தவர் யார், இனி என்ன செய்வது. தவறு செய்தவர் கையெழுத்துப் போடுவார். உடனே எல்லோரும் கைதட்டுவோம். அவருக்கு முசியே செலவில் டீயும் வெண்ணெய் பிஸ்கெட்டும். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, மறுநாள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கார் சாவியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டியதற்கு முசியே தன் மேலேயே ஒரு பேவே வாசித்திருக்கிறார். அதற்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி. என் பெயரில் மட்டும் இருபது இருக்கும். வெண்ணெய் பிஸ்கெட்டுக்காகவே இவன் தப்பு செய்கிறான் என்று ஃபிட்டர் முருகையனைக் கிண்டல் செய்வோம்.

மெஷின் வந்து இறங்கியது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட சீனாவிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார், பெயர் லியூ. நாற்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு பொட்டு எண்ணெய் படாமல் வேலை செய்வார். எனக்கும் அவருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், மிச்சத்துக்குக் கைஜாடையும், பேசினால் மொழிபெயர்த்துக் காட்டும் போனும். மெஷினுக்கு நாங்கள் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வைத்தபோது, தங்கள் ஊரிலும் புது மெஷினுக்கு ஊதுபத்தியும் பழமும் உண்டு என்று சொல்லி அவரே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். பெண்களெல்லாம் அவரை லியூ அண்ணன் ஆக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை வெள்ளோட்டம். வெள்ளிக்கிழமைக்குள் மாதிரி மூடிகள் வாடிக்கையாளருக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும், மெஷின் தோற்றது என்று அர்த்தம், என் கடிதம் ஃபைலிலிருந்து வெளியே வரும். முதல் நூறு மூடிகள் விழுந்தன. பழுப்பேறி, கருகல் வாடையோடு, கையில் அழுத்தினால் அப்பளமாக நொறுங்கின. "சூடு ஜாஸ்தி மேடம்" என்று முருகையன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். லியூ பிளாஸ்டிக் குருணை மூட்டைக்குப் பக்கத்தில் போய் அதன் சீட்டைப் பார்த்தார். தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். சரி, தப்பு தன்னுடையது என்று புரிந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

மாலையில் பேவே. விருந்தாளிக்குப் புரியாமல் போகக் கூடாதே என்று முசியே, வாசித்து முடித்ததும், அதையே போனில் போட்டுச் சீன பாஷையில் ஒலிபெருக்கியோடு ஒலிக்க விட்டார். நடந்தது: மூடிகள் கருகின. காரணம்: அளவுக்கு மீறிய சூடு. தவறு செய்தவர்: லியூ. ஒரு சீனப் பெண்குரல் ஹால் முழுக்க அதை அறிவித்தது. லியூ கையெழுத்துப் போட்டார். வழக்கம்போல நாற்பது பேரும் கைதட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அது அன்புக் கைதட்டல். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிஸ்கெட்டைத் தொடவில்லை. குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஓட்டலுக்குப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. வயிற்று வலி, ஓய்வு தேவை என்று போனில் ஒரு வரி. மெஷினின் சூட்டை மாற்ற வேண்டுமென்றால் அவருடைய ரகசிய எண் வேண்டும், அது இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது. முசியே ஒன்றும் புரியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "வயித்து வலின்னா டாக்டரக் கூப்டு மதாம் கலா. பெரிய ஆஸ்பத்திரியே இருக்குது."

"சார், அது அந்த வயித்து வலி இல்ல சார். மாப்புள முறுக்கு."

எனக்கு இரண்டு தங்கைகள். இரண்டு கல்யாணத்தையும் முன்னால் நின்று நடத்தியவள் நான். பெரிய தங்கையின் மாப்பிள்ளை, பந்தியில் தன் சித்தப்பாவுக்கு இரண்டாவது வடை வைக்கவில்லை என்று எழுந்து போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்த ஆள். அவரையே கூட்டிவந்து தாலி கட்ட வைத்திருக்கிறேன். இதில் சில சூட்சுமங்கள் உண்டு. கோபமா என்று கேட்கவே கூடாது. மன்னிப்பும் கேட்கக் கூடாது, கேட்டால் சண்டை நடந்தது உறுதியாகிவிடும். முதலில் சாப்பாடு அனுப்ப வேண்டும். அப்புறம் தப்பு எங்கள் பக்கம்தான் என்று ஒன்றைக் காட்டி, நீங்கள் வந்தால்தான் சரியாகும் என்று நிற்க வேண்டும். ஆகா, இது எனக்கென்றே வந்த வேலை என்று சேலையை இழுத்துச் சொருகினேன்.

தயிர் சாதமும் மாதுளை முத்தும் டப்பாவில் போட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது, பளபளவென்று கழுவி, உள்ளே ஒரு சீனத் தேயிலைப் பொட்டலத்தோடு. நம் ஊரிலும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோமே. "பாதி இறங்கிட்டாரு சார்" என்று முசியேவிடம் ஓடினேன். "இப்ப நீங்க ஒரு பேவே எழுதணும். தப்பு நம்ம பக்கம்னு."

"நோன்."

"சார், சும்மா ஒரு பேச்சுக்கு."

"பேவேல பொய் எழுத மாட்டேன். எங்கப்பா எழுதுனதில்ல, நானும் எழுத மாட்டேன். நம்ம பக்கம் நெசமாவே ஒரு தப்பு இருந்தா கொண்டா. அஞ்சு நிமிஷத்துல எழுதுறேன்."

புதன்கிழமை காலையிலிருந்து நான் தப்பு தேட ஆரம்பித்தேன். இவ்வளவு ஆசையாக யாரும் சொந்தக் கம்பெனியில் தப்பு தேடியிருக்க மாட்டார்கள். குளிர்ந்த தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன், ஒழுங்காக இருந்தது. கரண்டு அளவு சரி. "எப்பவும் நூறு தப்பு பண்ணுவீங்க, வேணுங்கறப்ப ஒண்ணுகூட கெடைக்க மாட்டேங்குதே" என்று முருகையனைத் திட்டினேன். "நான் வேணா ஒண்ணு பண்ணட்டா மேடம்?" என்றான். மதியம் என் மேஜைக்குத் திரும்பி, கொள்முதல் ஃபைலைத் திறந்தேன். ஏதாவது சின்னதாக, ஒரு தேதித் தப்பு கிடைத்தால்கூடப் போதும் என்று.

சின்னதாக இல்லை. மெஷின் ஆர்டர் செய்தபோது, நாங்கள் பயன்படுத்தும் குருணைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்ற தாளை லியூவின் கம்பெனிக்கு அனுப்பியது நான். அதன் பிறகு அந்த ரகம் வராமல் போய், வேறு ரகம் வாங்கியதும் நான். புது ரகத்துக்குச் சூடு குறைவு. அந்தப் புதுத் தாள் ஃபைலில் பத்திரமாக இருந்தது. அதை நான் அவர்களுக்கு அனுப்பவே இல்லை. லியூ என் தாளில் உள்ளபடி, ஒரு டிகிரி பிசகாமல் சூடு வைத்திருந்தார். மூட்டைச் சீட்டைப் பார்த்து, தாளைப் பார்த்து, அவர் என்னைப் பார்த்தாரே, அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. நான்தான் என்று அவருக்கு அங்கேயே தெரியும்.

ஆட்டோ பிடித்து அவர் ஓட்டலுக்குப் போனேன். அறையில் இல்லை. கடற்கரைச் சாலையில் பாறை ஓரமாக, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். வயிற்று வலிக்காரர் பக்கத்தில் சுண்டல் பொட்டலம் வேறு. என்னைப் பார்த்ததும் அதை மறைத்தார். நான் இரண்டு தாள்களையும் நீட்டினேன்.

பார்த்துவிட்டுச் சிரித்தார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். மூட்டைச் சீட்டில் பார்த்த ரகத்தின் எண்ணை வைத்து, சீனாவிலிருந்து புது அளவுகளை வரவழைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு சூடு என்று மொத்தப் பட்டியலையும் தயார் செய்து வைத்திருந்தார். இரண்டு நாளும் இந்த வேலைதான் நடந்திருக்கிறது.

"ஏன் அங்கேயே சொல்லவில்லை?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் பதிலைப் போனில் பேசி என்னிடம் நீட்டினார். திரையில் தமிழ் வந்தது: "உங்கள் முதலாளி இருந்தார். உங்கள் ஆட்கள் நாற்பது பேர் இருந்தார்கள். நீங்கள் இங்கே தினமும் வேலை செய்ய வேண்டும். நான் அடுத்த வாரம் போய்விடுவேன்." பிறகு அவரே, இங்கிலீஷில், வயிற்றைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: நாளைக்கு வயிறு சரியாகிவிடும். வந்து சத்தமில்லாமல் சூட்டை மாற்றிவிடுவேன். யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளை முறுக்காம். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது, இரண்டையும் சேர்த்துச் சமாளித்ததில் சுண்டல் விற்கிற அம்மா என்னைப் பார்த்துப் பயந்துபோனாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் சொன்னபடியே விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். மெஷின் ஓடும், என் வேலையும் தப்பும், யாருக்கு நஷ்டம்? ஆனால் அந்தத் தாளில் அவர் பெயர் இருக்கிறதே. முசியே ஒரு தாளையும் கிழிக்க மாட்டார். நாங்களெல்லாம் போன பிறகும் அந்த ஃபைலில் தவறு செய்தவர் லியூ என்றே இருக்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை முசியேவிடம் இரண்டு தாளையும் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். "அலோர்," என்றார். அப்படியானால் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் பேவே தயார்.

"சார், என் லெட்டர் ஃபைல்ல இருக்குது" என்றேன்.

"மொதல்ல மிஷினு ஓடட்டும்."

லியூ வந்து சூட்டை மாற்றினார். வெள்ளை வெளேரென்று மூடிகள் விழுந்தன. முருகையன் ஒன்றை எடுத்துக் கடித்தே பார்த்துவிட்டான், நொறுங்கவில்லை. முசியே மாலைவரை காத்திருக்கவில்லை, அங்கேயே பெட்டிமேல் ஏறினார். திங்கட்கிழமைத் தாளில் லியூவின் பெயரை அடித்ததைத் தூக்கிக் காட்டினார். புதியதை வாசித்தார். தவறு செய்தவர்: மதாம் கலா. என் பெயரைக் கேட்டதுமே லியூவுக்கு விஷயம் புரிந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு முன்னால் வந்தார். நான் அதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். முருகையன் விசில் அடித்தான். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

"லெட்டர்ல இன்னா எழுதியிருக்க? மிஷினு ஓடலன்னா போறேன்னு. மிஷினு ஓடுது" என்றார் முசியே, பெட்டியிலிருந்து இறங்கியபடி. "போய் டீ குடி."

லியூ மட்டும் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. இத்தனை பேர் என்னைச் சுற்றி நின்று தட்டுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. முசியே கையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். அந்தத் தாளில், தவறு செய்தவர் என்ற இடத்தில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில் நெருக்கமாகத் தன் பெயரையும் எழுதினார்.

"நோன், நோன், முசியே லியூ," என்றார் முதலாளி. "உங்க பேர அடிச்சாச்சு. இதுல உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"டூ பீப்பிள்," என்றார் லியூ. "ஒன் பர்சன் ஸ்டாண்டிங், நாட் குட்."

எங்கள் ஊரில் எனக்கு வேண்டியவர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ செய்திருக்கிறார்கள், ஆனால் தப்பில் பங்கு கேட்டு யாரும் வந்ததில்லை. முசியே அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பொய்யான ஒரு எழுத்தைத் தன் பேவேயில் விட்டுவைக்காத மனிதர் அவர். பேனாவைத் திரும்ப வாங்கி, உய் என்றும் சொல்லாமல் நோன் என்றும் சொல்லாமல், லியூவின் பெயருக்குக் கீழே, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.